மருமகனுக்குக் கொசு விருப்பம்

மர்சூக் கேட்டது ஒரேயொரு அழுகிய வாழைப்பழம். வந்தது ஒரு குலை.

அறை வாசலில் வாழையிலை விரித்து, அதன்மேல் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். கதலி. ஒவ்வொரு பழமும் கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. ஒன்றிலாவது ஒரு கறுப்புப் புள்ளி இருக்காதா என்று மர்சூக் குலையைச் சுற்றிச் சுற்றித் தேடினான். கிடைக்கவில்லை.

"றஸீனா!"

அவன் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன மச்சான்? காணாதா? உம்மா இன்னொரு குலை வெட்டச் சொல்லியிரிக்கா."

"நான் என்ன கேட்டன்?"

"பழம்."

"என்ன பழம்?"

"அழுகின பழம்."

"இது அழுகினதா?"

"அழுகின பழத்த எப்பிடி மச்சான் மருமகனுக்குக் குடுக்கிற? உம்மா வெக்கத்தில மவுத்தாகிருவா."

கலியாணமாகி எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் ஏறாவூர் மீராசாஹிப் வீட்டில் மருமகனுக்குக் கிடைக்காத பொருள் ஒன்றுமில்லை. கெட்டுப்போன பொருள் மட்டும்தான் கிடைக்கவில்லை.

மர்சூக்குக்கோ அது அவசரமாக வேண்டியிருந்தது. மேசைக்குக் கீழே, பழைய பரீட்சைத் தாள்களுக்குப் பின்னால், வாயில் பஞ்சு அடைத்த பால் போத்தல் ஒன்று இருந்தது. அதற்குள் நாற்பது கொசுக்கள் பட்டினி கிடந்தன. இரத்தம் குடிக்கிற நுளம்பு அல்ல. கனிந்த பழத்தைச் சுற்றிக்கொண்டு நிற்குமே, கடுகில் பாதியளவு, அந்தக் கொசு. ஆனால் இவை சந்தைக் கொசு மாதிரி இல்லை. மற்றக் கொசுவுக்கு நெற்றியில் இரண்டு மீசை இருக்கிற இடத்தில் இவற்றுக்கு இரண்டு கால் முளைத்திருந்தது.

போத்தலைக் கொடுத்தவர் கொழும்பில் அவனுக்கு விலங்கியல் படிப்பித்த பேராசிரியர் வினாயகமூர்த்தி. "மிஸ்டர் மர்சூக், எனக்கு ஒரு உதவி விரிவுரையாளர் தேவை. நான் மட்டக்களப்புப் பக்கம் வரேக்கை இந்தக் கொசுவின்ர வம்சம், தலையில காலோட, உயிரோட இருந்தா வேலை உமக்கு. கொசுவை உயிரோட வைச்சிருக்கத் தெரியாத ஆளிட்ட நான் பிள்ளைகளை எப்பிடி ஒப்படைக்கிறது?"

மர்சூக் அப்போது மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக விஞ்ஞான ஆசிரியர். காலையில் ரயிலில் போய்ப் பின்னேரம் ரயிலில் வருவான். தற்காலிகமாக ஆறு பாடம் எடுத்தான். விஞ்ஞானத்தோடு தேகப்பயிற்சியும் அதில் சேர்த்தி. அவனுக்குக் கொழும்பு வேண்டும். ஆய்வுகூடம் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவன் வெளியில் சொல்வதில்லை. கலியாணத்துக்குத் தைத்த கோட்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் சேவையிலிருந்து விலகிக்கொண்டிருந்தன. வாழ்நாளில் ஒரு நேரமாவது நிம்மதியாகப் பசித்திருக்க வேண்டும் என்பது அவனுடைய பேராசை.

ஆனால் ஏறாவூரில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். பின் தெருவில் ஒரு மருமகன் பதுளைக்கு வேலை மாற்றம் கிடைத்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னான். அவனுடைய மாமியார் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு அவனுக்குச் சமைப்பதையும் நிறுத்தினார். மாற்றம் ரத்தாகிவிட்டது.

ஆகவே கொழும்பு விஷயம் றஸீனாவுக்கு மட்டும் தெரியும்.

"உம்மாக்குச் சொல்லிராத."

"நான் என்னத்துக்குச் சொல்லுற?" என்றாள் றஸீனா.

உம்மா என்பது ஆமினா உம்மா, மர்சூக்கின் மாமி. முறைப்படி மாமி மருமகன் முன்னால் வருவதுமில்லை, அவனோடு பேசுவதுமில்லை. எட்டு மாதத்தில் அவன் அறிந்ததெல்லாம் குசினித் திரைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம், ஒரு முக்காட்டு நுனி, ஒரு குரல். அந்தக் குரல் அவனுக்குச் சொல்ல வேண்டியதை றஸீனாவிடம் சொல்லும். றஸீனா பக்கத்தில் இல்லாவிட்டால் முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டிடம் சொல்லும்.

"ஆடே," என்றது குரல் இப்போது, "பழத்தப் பாத்துக்கிட்டு நிண்டா வயிறு நிறையுமா? படிச்ச ஆக்கள் கண்ணாலயா தின்னுற?"

ஆடு அசைபோட்டது. மர்சூக் ஒரு பழத்தை உரித்தான்.

றஸீனா கதவைச் சாத்திவிட்டுப் போத்தலை எடுத்துப் பார்த்தாள். "ஏன் மச்சான், தலையில கால் இருந்தா இது தலையால நடக்குமா?"

"நடக்காது. சும்மா தொங்கும்."

"பிறகு என்னத்துக்கு அது?"

"முட்டைக்குள்ள உருவாகக்குள்ளயே உடம்பு வளையம் வளையமாப் பிரியும். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு கட்டளை போகும். நீ மீசை வை, நீ கால் வை, நீ செட்டை வை எண்டு. அந்தக் கட்டளையக் குடுக்கிறதுக்குத்தான் ஜீன் எண்டு பேர். தாய் தகப்பன்ட்ட இருந்து வாறது. அதில ஒண்டு பிழைச்சிட்டா, மீசை வைக்கிற இடம் கால வச்சிரும்."

"அரைகுறைக் காலா?"

"அதுதான் புதினம். முழுக் கால். மூட்டு, நகம் எல்லாம் இரிக்கி. கால் செய்யிற வித்தை தலைக்கும் தெரியும். செய் எண்டு ஒருத்தரும் சொல்லாததால சும்மா இருந்திரிக்கி."

றஸீனா போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். "நம்மட மேசன் குசினி கட்டச் சொன்ன இடத்தில கக்கூஸ் கட்டின மாதிரி."

"அதேதான்!"

"நல்ல கக்கூஸ்தான். ஒரு குறையும் சொல்லேலாது."

இதை விளக்கப் பேராசிரியர் ஒரு தவணை முழுவதும் எடுத்திருந்தார்.

சரி, பழம் தானாக அழுகட்டும் என்று மர்சூக் தீர்மானித்தான். குலையிலிருந்து இரண்டு பழத்தை எடுத்துப் பரீட்சைத் தாள்களுக்குள் ஒளித்து வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனான். திரும்பி வந்தபோது அதே தாள்களுக்குள் இரண்டு புதுப்பழம் இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. பழம் முதுமையடைவதற்கு அந்த வீட்டில் அனுமதியில்லை.

"ஆடே," என்றது திரை, "மருமகன்ட அறையில பழம் பழுதாகிக் கிடக்கெண்டு வெளியால தெரிஞ்சா என்ட மானம் என்னாகிற?"

மர்சூக் உபாயத்தை மாற்றினான். "றஸீனா, எனக்கு நல்லாக் கனிஞ்சு, தோல் கறுத்து, கையில எடுத்தா நழுவுற பழம்தான் தின்ன விருப்பம் எண்டு சொல்லு."

செய்தி போனது. மறுநாள் விடியற்காலையில் தேத்தண்ணியோடு பதில் வந்தது: கறுத்த பழம் அவ்வளவையும் பிசைந்து, மாவும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட பணியாரம், ஒரு தட்டம் நிறைய. வீட்டில் கனிந்த பழமெல்லாம் அன்றிலிருந்து எண்ணெய்ச் சட்டிக்குப் போயிற்று. மர்சூக் தட்டத்தை முடித்தான். கோட்டில் மிஞ்சியிருந்த பொத்தான்களில் ஒன்று அறையின் மறுபக்கத்துக்குப் போய் விழுந்தது. போத்தலுக்குள் கொசுக்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று பின்னேரம் ரயிலால் இறங்கியதும் அவன் நேரே சந்தைக்குப் போனான். மாமனாரின் ஆட்கள் இல்லாத மூலையாகப் பார்த்து, பதியுதீன் என்பவரின் பழக்கடை முன்னால் நின்று, அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"காக்கா, எறியிற பழம் ஏதும் கிடக்கா?"

"ஆட்டுக்கா மாஸ்டர்?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மர்சூக் அப்போது கொசுவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். கொசுவைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பதையும் யோசித்துக்கொண்டிருந்தான். "இல்ல, எனக்குத்தான்" என்று வாய் சொல்லிவிட்டது.

பதியுதீன் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அழுகிய பழம் இரண்டையும் அவற்றோடு நல்ல பழம் நாலையும் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சந்தையிலிருந்து வீடு நடக்கிற தூரம். மர்சூக் நடந்தான். செய்தி சைக்கிளில் போனது.

வீட்டு வாசலில் மீராசாஹிப் நின்றிருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஊரில் பாதிப் பேருக்கு நெல் வாங்கி விற்கிற அந்த மனிதர் இப்போது அழுகிற நிலையில் இருந்தார்.

"மருமகன், நாங்க ஏதும் குறை விட்டமா?"

"இல்லியே மாமா."

"என்ட வளவில எத்தினை வாழை நிக்கிது எண்டு எனக்கே தெரியாது. நீங்க பதியுதீன்ட கடைக்கு முன்னால நிண்டு அழுகின பழம் கேட்டீங்களாம். பாவம் எண்டு அவன் காசும் எடுக்கல்லியாம். இனி நான் பள்ளிக்குத் தொழ எப்பிடிப் போற?"

"மாமா, அது வந்து..."

"உங்கட உம்மா வாப்பாட காதுக்குப் போனா என்ன சொல்லுவாங்க? மகனக் குடுத்தம், அழுகல் குடுக்கிறாங்க எண்டு சொல்ல மாட்டாங்களா?"

திரைக்குப் பின்னால் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. ஆட்டிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் அவ்வளவு பெரிது.

வேறு வழியில்லை. மர்சூக் போத்தலைக் கொண்டுவந்து, ஒரு கொசுவை மயக்கி, பூதக்கண்ணாடியை மாமனாரின் கையில் கொடுத்தான். மீராசாஹிப் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! மீசை இருக்கிற இடத்தில காலா?"

"ஓம் மாமா. இதுகள வளக்கத்தான் அழுகின பழம் கேட்டன்."

"இதப் படிச்சா என்ன கிடைக்கும்?"

"அறிவு கிடைக்கும் மாமா."

"அது சரி. வேறென்ன கிடைக்கும்?"

மர்சூக்கின் நாக்கு கொழும்பு மருதானை வரைக்கும் போய்த் திரும்பியது. "வேறொண்டும் இல்ல மாமா. கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் பாக்க வருவார். பாத்திட்டுப் போயிருவார்."

மீராசாஹிப் திரைக்குப் பின்னால் போனார். நீண்ட நேரம் குசுகுசு. பிறகு குரல் தெளிவாக வந்தது. "ஆடே, மருமகனுக்குக் கொசு விருப்பமெண்டா அத முதலே வாய் துறந்து சொல்லப்படாதா?"

மர்சூக்குக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினது போல் இருந்தது. அது அடுத்த நாள் வரைக்கும்தான் இருந்தது.

அடுத்த நாள் வந்து பார்த்தால் மேசையின் கீழ் போத்தலைக் காணவில்லை.

"உம்மா எடுத்திட்டா," என்றாள் றஸீனா. "மருமகன் ஆசைக்கு வளக்கிற சாமான் மேசைக்கடியில கிடந்தா ஊர் என்ன சொல்லும் எண்டு கேக்கிறா."

"எங்க வச்சிரிக்கா?"

"குசினியில, தண்ணிப் பானை வைக்கிற ஈர மண்ணில. கொசு பாவம், வெக்கையில வாடிப்போகும் எண்டு."

மாமி தொழப் போன நேரம் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மர்சூக் அந்த வீட்டுக் குசினிக்குள் எட்டிப் பார்த்தான். தண்ணீர்ப் பானைகளுக்குப் பக்கத்தில் ஏழு மண்பானைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் பூவேலை செய்த மஸ்லின் துணி. உள்ளேயிருந்து ஒரு சிறிய ஆலை ஓடுவது போல் இரைச்சல்.

"ஏழு பானை நிறைய எப்பிடி? நாற்பதுதானே இருந்தது?"

"நாற்பது கொசு என்ன கொசு எண்டு கேட்டா உம்மா. மருமகன் வளக்கிறதெண்டா கைநிறைய இருக்க வேணாமா? சாலிஹ் காக்காவச் சந்தைக்கு அனுப்பி, நல்ல கொழுத்த கொசுவாப் பிடிச்சிட்டு வரச் சொல்லி, எல்லாத்தையும் ஒண்டாக் கலந்து போட்டிரிக்கா."

சாலிஹ் அந்த வீட்டு மாட்டு வண்டிக்காரர். சந்தையில் கொசு பிடிக்கப்போன முதலாவது வண்டிக்காரரும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கலந்துவிட்டது! கால்தலைக் கொசுவிடம் இருப்பது பிழைத்த கட்டளை. சந்தைக் கொசுவிடம் இருப்பது சரியான கட்டளை. இரண்டும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால் சரியானதுதான் பேசும். பிழைத்தது வாயை மூடிக்கொண்டு உள்ளே கிடக்கும். பழைய நாற்பதோ அளவுக்கு மீறின பழச்சாற்றில் விழுந்து செத்துவிட்டன. இரண்டு வாரம் போவதற்குள் பிள்ளைகள் பிறந்தன. பூதக்கண்ணாடியால் பார்த்தான். மீசை. அடுத்தது, மீசை. அதற்கடுத்தது, நேர்த்தியான மீசை. இவ்வளவு ஒழுங்கான பிராணிகளை அவன் முன்பு ஒருபோதும் வெறுத்ததில்லை.

பேராசிரியரிடமிருந்து தந்தி வந்தது: அடுத்த மாதம் வருகிறார்.

அப்போதுதான் மர்சூக்குக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இது தெரியாமல் செய்த வேலைதானா? மாமிக்குக் கொழும்பு விஷயம் தெரிந்துவிட்டதா? ஏனென்றால் ஆட்டோடு நடக்கும் பேச்சின் போக்கு மாறியிருந்தது.

"ஆடே, கொழும்பில தேங்காய் என்ன விலையாம்?"

இன்னொரு நாள்: "ஆடே, மருதானையில மழை பேஞ்சா வாசலில வெள்ளம் நிக்குமாம். மெய்யா?"

வேறொரு நாள், கொழும்பு மருதானையில் குடியிருந்த மாமியின் தங்கை புதுக்குடையோடு வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனதும், சட்டி ஒன்றை ஓங்கி வைக்கிற சத்தத்தோடு: "கொழும்புக்காரியாம், கொழும்புக்காரி! அங்க மட்டும்தான் மனிசர் இரிக்கிறாங்களாக்கும்!"

மர்சூக்குக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கண்டு இன்னும் இரண்டு கறி கூடியது.

கலந்த கொசுக்களைப் பேராசிரியர் காண்பதைவிட, காய்ச்சல் வந்து செத்துப்போயின என்று சொல்வது மரியாதையாக இருக்கும் என்று அவன் முடிவு செய்தான். ஒரு சனிக்கிழமை சாலிஹை வளவின் பின்பக்கம் கூப்பிட்டான்.

"காக்கா, இந்த ஏழு பானையையும் கொண்டுபோய் வாவிக்கரையில கொட்டிருங்க. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க."

"ஓம் மாஸ்டர்."

வண்டி போயிற்று. பகல் சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்தது. அதில் ஒன்பது பானை இருந்தது.

"என்ன காக்கா இது?"

"படலையிலயே உம்மா மறிச்சிட்டா மாஸ்டர். பழைய பானை நாறுது, மருமகன் அதத்தான் மாத்தச் சொல்லியிரிப்பார் எண்டு, புதுப்பானை வாங்கி, புதுப்பழம் போட்டு, கொசுவ மட்டும் கவனமா மாத்திக் கொண்டுவரச் சொன்னா. ஒண்டு கூடச் சாகல்ல."

அன்றிலிருந்து மர்சூக் கொசுவைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பானைகள் ஈர மண்ணில் குளிர்ந்தபடி இரைந்துகொண்டிருந்தன. ஆமினா உம்மா காலையிலும் மாலையிலும் அவற்றுக்குச் சாப்பாடு போட்டார். அந்த வீட்டில் பசித்திருக்க ஒருவருக்கும் அனுமதியில்லை.

பேராசிரியர் வினாயகமூர்த்தி ஒரு வெள்ளிக்கிழமை பகல் வந்து இறங்கினார். உயரமான மனிதர். தலையில் மயிர் இல்லை, கண்ணாடி இருந்தது. மர்சூக் ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் காலநிலையைப் பற்றியே பேசினான். வாவி இறால், மீன் பொரியல், நெய்ச்சோறு எல்லாம் விரித்த பாயில் வைக்கப்பட்டன. முதல் கவளம் வாயில் இருக்கிறபோது சொல்லிவிட வேண்டும். கவளத்தோடு ஒருவர் அதிகம் ஏசமாட்டார் என்பது அவனுடைய கணக்கு.

"சேர், அந்தக் கொசு விஷயம்... போன மாதம் ஒரு காய்ச்சல்..."

"கொசு பாக்கத்தானே வந்தீங்க?" என்று மீராசாஹிப் முந்திக்கொண்டார். "பொறுங்க, பொறுங்க. விருந்தாளிக்குக் காட்டாமச் சோறு போடுறதா?"

பித்தளைத் தட்டத்தில் ஒரு பானை வந்தது. மீராசாஹிப் அதைப் பேராசிரியரின் முன்னால் வைத்து, பூவேலைத் துணியைப் பெருமையோடு அவிழ்த்தார்.

புகை எழும்பினது போல் இருந்தது. கொசுக்கள் நெய்ச்சோற்றில் இறங்கின. இறாலில் இறங்கின. பேராசிரியரின் தலை விசாலமாக இருந்ததால் அதிகமானவை அங்கே இறங்கின.

"இதில சந்தைக் கொசுவும் கலந்திரிக்கி," என்றார் மீராசாஹிப், கறிக்குள் இருந்தவற்றை விரலால் விலக்கிக்கொண்டு. "பயப்பிடாதீங்க. எல்லாம் நல்ல வீட்டுக் கொசுதான்."

பேராசிரியரின் முகம் கறுத்தது. "கலந்ததா? மிஸ்டர் மர்சூக், நான் தந்த தூய வம்சத்தைச் சந்தைக் கொசுவோட கலந்து போட்டீரா?"

மர்சூக் வாயைத் திறந்தான். ஒரு கொசு உள்ளே போனது. மூடிக்கொண்டான்.

பேராசிரியர் கோபத்தோடு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், சட்டைப்பையிலிருந்து கைவில்லையை எடுத்து அதைப் பார்த்தார். பிறகு சோற்றிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். இறாலிலிருந்து ஒன்று. தன் தலையைத் தடவி இன்னொன்று.

"கால்," என்றார்.

"சேர்?"

"கால் ஐயா, கால்! பிள்ளையில ஒளிச்சிருந்தது பேரப்பிள்ளையில திரும்பி வந்திருக்கு. ரெண்டு பக்கத்தாலயும் பிழைச்ச கட்டளை வந்த குஞ்சுக்கு மட்டும். நாலில ஒண்டு! நீர் வேணுமெண்டே கலந்து, வேணுமெண்டே ஒரு தலைமுறை பொறுத்திருக்கிறீர். நான் கேட்டது கொசுவை உயிரோட வைச்சிருக்க. நீர் பரிசோதனையே செய்து முடிச்சிட்டீர்!"

"ஓம் சேர்," என்றான் மர்சூக். கொசுவை விழுங்கிவிட்டிருந்தான்.

"அதோட இந்தக் காலின்ர நீளத்தைப் பாரும். கொழும்பில வெக்கைக்குப் பாதிக் கால்தான் வருது, மிச்சம் மீசையாப் போகுது. இது முழுக் கால். எங்க வைச்சு வளத்தனீர்?"

"தண்ணிப் பானைக்குப் பக்கத்தில சேர். ஈர மண்ணில."

"குளிர்ச்சி! அதை எப்பிடி யோசிச்சனீர்?"

மர்சூக் திரையைப் பார்த்தான். "ஆழமா யோசிச்சுத்தான் சேர்."

பேராசிரியர் எழுந்து நின்று, சோற்றுக் கையை உயர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "வேலை உமக்குத்தான். வாற மாசம் முதலாம் திகதி மனிசியையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து சேரும்!"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. மீராசாஹிப் தாடியைத் தடவினார். பேராசிரியர் மட்டும் உட்கார்ந்து, கொசுவை ஒரு பக்கமாகவும் இறாலை ஒரு பக்கமாகவும் ஒதுக்கிச் சாப்பிட்டார்.

அவரை ரயில் ஏற்றிவிட்டு வந்த மர்சூக், பின் தெரு மருமகனை நினைத்துக்கொண்டு, சோறு வராத காலத்துக்குத் தயாரானான். சோறு வந்தது. இரண்டு மடங்காக வந்தது. தூக்கில் போடப்போகிறவனுக்கும் அப்படித்தான் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் மீராசாஹிப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"மருமகன், அந்தப் பேராசிரியர் சொன்னது சொன்னதுதான். ஆனா அத உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்க."

"என்னத்த மாமா?"

"கொழும்புக்குப் போவம் எண்டு."

மர்சூக் தலையைக் குனிந்துகொண்டான். "கொழும்புக்குப் போவம் மாமா."

திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. அடக்கி வைத்த அழுகை என்று மர்சூக் எடுத்துக்கொண்டான். மீராசாஹிப் எழுந்து உள்ளே போனார். போன வேகம் துக்கத்தில் போகிறவரின் வேகமாக இருக்கவில்லை. ஆனால் அதைக் கவனிக்கிற நிலையில் மருமகன் இல்லை.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொல்லையில் ஆணி அடிக்கிற சத்தமும் கயிறு இழுக்கிற சத்தமும் கேட்டன. துக்கத்தை மறக்க ஆளாளுக்கு ஒரு வேலை என்று அவன் நினைத்தான். றஸீனாவிடம், "உம்மா எப்பிடி இரிக்கா?" என்று கேட்டால், "இரிக்கா" என்பாள். மர்சூக் கல்லூரியில் ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் பிரியாவிடைப் பேச்சு ஒன்றைத் தயாரித்தான். அதில் இரண்டு இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும்.

புறப்படும் நாள் ஏறாவூர் ஸ்டேஷனில் அவனும் றஸீனாவும் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றார்கள். மீராசாஹிப் வெள்ளைச் சட்டை போட்டு, செருப்புக்கு எண்ணெய் பூசி வந்திருந்தார். மர்சூக் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்களும் மாமியும் மனசத் தளர விடப்படாது. பெத்த மகளப் பிரியிறது லேசில்ல. அது எனக்கு விளங்கும்." முதலாவது இடத்தில் தொண்டை அடைத்தது. "பெருநாளைக்குப் பெருநாள் நாங்க கட்டாயம் வருவம்."

"எங்க வாற?" என்றார் மீராசாஹிப்.

"ஏறாவூருக்கு."

"ஆரப் பாக்க?"

மர்சூக் இரண்டாவது இடத்துக்கு வந்துசேரவில்லை. ஸ்டேஷன் வாசலில் மூன்று மாட்டு வண்டிகள் வந்து நின்றன. முதலாவதில் அலுமாரியும் கட்டிலும். இரண்டாவதில் உரல், உலக்கை, பாய்க்கட்டு, சட்டிபானை. மூன்றாவதற்குச் சுற்றிலும் திரை கட்டியிருந்தது. திரைக்குள் வளையல் சத்தம் உற்சாகமாக இருந்தது. றஸீனா ரயில் வரும் திசையை மிகவும் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலிஹ் முதலாவது வண்டியிலிருந்து குதித்து, துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"காக்கா," என்றான் மர்சூக், "இதெல்லாம் என்ன?"

"என்ன மாஸ்டர் இப்பிடிக் கேக்கிறீங்க, மருதானையில உம்மாட தங்கச்சிட வீட்டுக்கு எதிர்வீட்டுக்கு உங்கட கலியாணம் பேசக்குள்ளயே உம்மா முற்பணம் குடுத்தாச்சு; போவம் எண்ட சொல்லு மருமகன்ட வாயால வந்தாத்தான் பொண் வீட்டுக்கு மரியாதை எண்டுதானே, அந்த மனிசி இவ்வளவு பாடுபட்டுக் கொசு வளத்த!"